ஏழு மணிச் செய்தி வேல்சாமி

வேல்சாமி கபடி ஆடிய காலத்தில் ராஜபாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. அவன் எதிராளி கோட்டுக்குள் பாடிப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒருத்தன் வடையைத் தின்று, டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவியும் வைத்துவிடலாம் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். ஆனாலும் முழுப் பொய்யில்லை. அப்பேர்ப்பட்ட மூச்சு. ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் அடியிலிருந்து ‘கபடி கபடி’ என்ற சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். மூச்சு விட்டால் அவுட். அவன் விடமாட்டான், அவ்வளவுதான்.

அந்த மூச்சுக்காகத்தான் ஒரு நூல் மில்லில் கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுத்தார்கள். சொந்தமாக ஒரு டீம் வைத்துக்கொள்வது அப்போதெல்லாம் மில்லுகளுக்குப் பெரிய கௌரவம். அதே மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவள் வேலுத்தாய். தேவதானத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். எண்பத்திநாலில் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. முந்தின நாள் மேட்சில் மாப்பிள்ளைக்கு இரண்டு விரல் பிசகிவிட, கட்டுப் போட்ட கையோடு மணவறையில் வந்து உட்கார்ந்தான். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டும் நாத்தனார். அன்றைக்கு மூன்றையும் நாத்தனாரே போட்டாள்.

“அப்ப நான் யாரைக் கட்டியிருக்கேன்னு எனக்கு இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு” என்று வேலுத்தாய் மில் கேட்டில் வைத்தே சொல்லிச் சிரிப்பாள். வேல்சாமியும் கூடவே சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு நாலு வருஷம்தான். எண்பத்தெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தை ஒட்டி ஒரு போட்டி. பாடிப் போனவனை மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள், நாலாவது ஆள் முழங்கால் மேலேயே விழுந்தான். டப்பென்று கேட்ட சத்தம் கூட்டத்தில் பின்வரிசை வரைக்கும் கேட்டது என்பார்கள். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, ஜவ்வு அறுந்துபோச்சு, நடக்கலாம், ஆடுறதை மறந்துருங்க என்றார். மில்லில் டீமிலிருந்து எடுத்துவிட்டு கேட்டில் உட்கார வைத்தார்கள். வருகிற லாரியை விட வேண்டியது, போகிற லாரியைப் பார்க்க வேண்டியது.

காலை விடப் பெரிசாக இன்னொன்று அன்றைக்கு அறுந்துபோனது. வேல்சாமி பேசுவதை நிறுத்திவிட்டான். ‘சோறு வை’, ‘போதும்’, ‘வாரேன்’, ‘விளக்கை அமத்து.’ ஒரு நாளைக்கு இந்த நாலுதான். பிள்ளையும் இல்லாத வீடு. பாத்திரம் கீழே விழுந்தால் ஆளுக்கு ஆள் திடுக்கிட வேண்டியிருந்தது. வேலுத்தாய் என்னென்னவோ செய்து பார்த்தாள். வம்புக்கு இழுத்தாள். குழம்பில் உப்பே போடாமல் வைத்தாள். மனுசன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான்.

“குடிச்சுட்டு வந்து அடிச்சாக்கூட திருப்பி நாலு போடலாம் மதினி. பேசாத மனுசன்கிட்ட நான் என்னன்னு சண்டை போட?” என்று பக்கத்து வீட்டு சுந்தரம்மாளிடம் போய் உட்கார்ந்து அழுதாள். இப்படியே ஐந்து வருஷம் போனது. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அந்த முதுகுதான் அவளுக்கு வாழ்க்கையாகிப் போனது.

தொண்ணூற்றி மூன்றில் பஞ்சு மார்க்கெட் பக்கம் பொன்னுராஜ் கேபிள் டிவி வைத்தார். மொட்டை மாடியில் குடை மாதிரிப் பெரிய டிஷ் ஒன்று, அதற்குக் கீழே ஓர் அறை, தெருத்தெருவாக வயர். மற்ற சேனல்களோடு உள்ளூருக்கென்று ஒரு சேனலும் விட்டார். சேத்தூரில் நடந்த கபடிப் போட்டியை வீடியோ எடுத்து அதில் போடப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் வேலுத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே மாடியேறிப் போனாள்.

“அண்ணாச்சி, படத்தை மட்டும் போட்டா ஆருக்கு என்ன விளங்கும்? எங்க வீட்டு அவியளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க.”

“அவன்தான் வாயே திறக்க மாட்டேங்கானே தாயி?”

“கபடியைக் கண்ணுல காட்டுங்க. பொறவு பாருங்க.”

பொன்னுராஜ் அரை மனசோடு வேல்சாமியைக் கூட்டிவந்து மைக்கைக் கையில் கொடுத்து டேப்பை ஓட விட்டார். முதல் ஆள் கோட்டைத் தாண்டியதும் வேல்சாமி தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தான். அவ்வளவுதான், ஐந்து வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை உடைந்த மாதிரி வந்தது. “ஏலே இடது பக்கம் வராதே, அங்கன ரெண்டு பேரு பதுங்கியிருக்கான், கால் நீளுது பாரு, பிடிச்சுட்டான், பிடி நழுவுது, போயிட்டாம்லே!” டேப் முடிகிற வரைக்கும் அந்த மனுசன் மூச்சு விட்ட மாதிரியே தெரியவில்லை. மறுநாள் டீக்கடைகளில் இதே பேச்சு. ஆடினவர்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள், பேசினவன்தான் நின்றான்.

பொன்னுராஜ் விட்டுவிடுவாரா? தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர்ச் செய்தி என்று கால் மணி நேரம் ஒதுக்கினார். மேசை, நாற்காலி, எதிரே கேமரா, நேரடியாக வாசிப்பு. மேசைமேல் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வாங்கிய சிவப்பு வெல்வெட் துணி தரை வரைக்கும் தொங்கும். மில் கேட்டில் பகல் வேலையை முடித்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றி, விபூதி பூசிக்கொண்டு வேல்சாமி அங்கே போய் உட்காருவான். மின்தடை, பிளவக்கல் அணை நீர்மட்டம், காணாமல் போன வெள்ளாடு, பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல், எல்லாம் அதற்குள் வரும்.

ஆள் ஏறிட்டே பார்க்க மாட்டான். பாடிப் போகிறவன் எதிராளியின் முகத்தையா பார்ப்பான்? காலைத்தான் பார்ப்பான். அந்தப் பழக்கத்தில் கேமரா நிற்கிற முக்காலியின் காலையே பார்த்து வாசித்தான். வீட்டிலிருந்து பார்க்கிற பொம்பளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. “எம்புட்டு அடக்கமான மனுசன் பாருங்க, பொம்பளையாளு இருக்கிற வீடுன்னு தலை நிமிர மாட்டேங்காரு” என்றார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

தலையாவது பரவாயில்லை. மூச்சுதான் வினையாகப் போனது. முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதே வேல்சாமிக்குத் தெரியாது. நிறுத்தினால் மூச்சு விட வேண்டும், மூச்சு விட்டால் அவுட். பதினைந்து வருஷம் உடம்பில் ஊறிய பயம் அது. ஒரு செய்தி முடிந்து அடுத்த செய்தி தொடங்குகிற இடம் ஊருக்குப் புரியாது. அப்படித்தான் சேத்தூர் சங்கையா செத்துப்போன செய்தி வந்தது. எண்பது வயசுப் பெரியவர், பெரிய குடும்பம். “சங்கையா அவர்கள் நேற்று இயற்கை எய்தினார்” என்பதை வாசித்த அதே மூச்சில், அடுத்த துண்டுச்சீட்டில் எழுதியிருந்த ஒரு குழந்தையின் பிறந்தநாள் வாழ்த்தையும் சேர்த்து, “எல்லா நலமும் பெற்று நூறாண்டு வாழ்க” என்று முடித்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் சங்கையாவின் மகன்கள் மூன்று மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். “ஏலே, போய்ச் சேர்ந்த மனுசனை நூறாண்டு வாழ்கன்னு வாழ்த்தினவன் எவம்லே? வெளிய வரச் சொல்லுலே!” பொன்னுராஜ் கையெடுத்துக் கும்பிட்டு, மறுநாள் முழுக்க சங்கையா படத்தைப் போடுவதாகச் சத்தியம் செய்து அனுப்பி வைத்தார். பிறகு வேல்சாமியின் தோளில் கைவைத்து, “தம்பி, ஒரு வாரம் பார்ப்போம். சரிவரலைன்னா வேற ஆளைத்தான் தேடணும்” என்றார்.

வீட்டுக்கு வந்த வேல்சாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

வேலுத்தாய் அந்த முதுகைப் பார்த்தாள். மறுபடியுமா? இந்தத் தடவை போனால் ஆள் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பழைய பேப்பர் ஒன்றை எடுத்துக் கையில் திணித்து வாசிக்கச் சொன்னாள். “நிறுத்துங்க” என்று கத்தினாள். நிற்கவில்லை. கையைத் தட்டினாள். நிற்கவில்லை. கோவத்தில், கீழே உட்கார்ந்திருந்தவள் அவனுடைய கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். மனுசன் அந்த இடத்திலேயே கப்பென்று நின்றான். எத்தனை பேர் எட்டிப் பிடித்த கால் அது! காலில் கை பட்டால் உடம்பு தானாக உஷாராகிவிடும்.

“ஆத்தாடி!” என்று வேலுத்தாய் தன் கையையே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்குச் சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம் வேல்சாமி, இந்தப் பக்கம், அதாவது மேசைக்கு அடியில், வேலுத்தாய். பொன்னுராஜ் செய்தியை எழுதும்போதே கார்பன் வைத்து இன்னொரு காப்பி எடுத்து அவளுக்கும் கொடுத்துவிடுவார். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். துணிக்கு அடியில் கசிந்து வருகிற வெளிச்சத்தில் விரலை வைத்து வரி வரியாகப் பின்தொடர்வாள். மில்லில் நூல் அறுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஒரு புள்ளியைத் தவறவிடாது. புள்ளி வந்ததும் ஒரு இழு. ஒரு செய்தி முடிந்தால் இரண்டு இழு. ஒரு நாள் தூசி ஏறி அடக்க முடியாமல் தும்மிவிட்டாள். மேலே வேல்சாமி சட்டென்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மன்னிக்கணும், சளி” என்றான். அந்தத் தும்மல் பொம்பளைத் தும்மலாக இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி ஒரு நாள் இரண்டு நாளல்ல, மூன்று வருஷம். விஷயம் பொன்னுராஜுக்கும் கேமரா பிடித்த மாரிச்சாமிக்கும் மட்டும்தான் தெரியும். வேல்சாமி இப்போது ஏழு மணிச் செய்தி வேல்சாமி ஆகிவிட்டான். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். வீட்டிலும் வாய் ஓயவில்லை. மில்லில் நடந்தது, டீக்கடையில் நடந்தது என்று இராச்சோறு முடிகிற வரைக்கும் கொட்டிக்கொண்டே இருப்பான். “செத்த நேரம் சும்மா இருக்கியளா?” என்று அவள் அதட்டுவாள். அதட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி, சாமியைக் கும்பிட்டுக்கொள்வாள்.

தொண்ணூற்றி ஆறில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீரணன் கூட்டுச் சேர்ந்தார். அங்கே கேபிள் நடத்தியவர், கையில் காசு உள்ளவர். இரண்டு ஊருக்கும் ஒரே செய்தி என்று முடிவானது. வீரணன் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார், சிவப்புத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். நல்லவேளை, அப்போது மணி நாலுதான்.

“என்ன அண்ணாச்சி இது, கல்யாண வீட்டு மேசை மாதிரி? மதுரையில போய்ப் பாருங்க, எல்லாம் கண்ணாடி. நான் அனுப்பி வைக்கேன். திங்கக்கிழமை புதுசா ஆரம்பிப்போம். அன்னைக்கு எங்க ஊரே பார்க்கும். ஆளு சரியா வாசிக்காருன்னா அவரே இருக்கட்டும். இல்லைன்னா மதுரையில ஒரு காலேஜ் பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கு.”

சொன்ன மாதிரியே ஞாயிற்றுக்கிழமை வைக்கோல் சுற்றி, சாக்கு சுற்றி ஒரு மேசை வந்து இறங்கியது. மேலே கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி. இந்தப் பக்கம் கையை வைத்தால் அந்தப் பக்கம் ரேகை தெரிந்தது. ஒரு பூனைக்குட்டியைக்கூட அதற்கு அடியில் ஒளித்து வைக்க முடியாது. பொன்னுராஜ், வேல்சாமி, வேலுத்தாய் மூவரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“நான் போகலைட்டி” என்றான் வேல்சாமி அன்று வீட்டில். “நாளைக்குக் காலையில போய் வீரணன்கிட்ட உள்ளதைச் சொல்லிடுதேன். அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும்.”

“சொல்லிட்டு வந்து?”

அவன் கண் சுவர்ப் பக்கம் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். வந்ததே கோவம்!

“அந்தச் சுவரைப் பார்த்தியன்னா நான் கடப்பாரையை எடுத்து அதை இடிச்சுப்போட்டுருவேன், ஆமா! போயி உட்காருங்க. தப்பா வாசிச்சா வாசிச்சுட்டுப் போங்க. அந்த வீரணன் அனுப்புனா அனுப்பட்டும். நீங்களா எந்திரிச்சு வராதிய, சொல்லிட்டேன்.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேலுத்தாய்க்குப் போக இடமில்லை. அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. சுந்தரம்மாள் வீட்டில் ஏற்கெனவே பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு பேசுகிற அம்மாவும் நாற்காலியோடு வந்திருந்தார்கள். வேலுத்தாய் வாசல் ஓரமாக உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

“என்ன ஏட்டி இன்னைக்கு அதிசயமா? ஏழு மணி ஆனா உன்னைப் பிடிக்கவே முடியாதே, எங்கதான் போய்த் தொலைவியோ?” என்றாள் சுந்தரம்மாள்.

அப்போதுதான் வேலுத்தாய்க்கே உறைத்தது. மூன்று வருஷமாக ஊரே பார்க்கிற செய்தியை அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

திரையில் வேல்சாமி வந்தான். கண்ணாடி மேசைக்கு அடியில் அவனுடைய இரண்டு காலும் அநாதையாகத் தெரிந்தன. “வணக்கம்” என்று ஆரம்பித்தவன் எடுத்த எடுப்பிலேயே ஓட்டம் பிடித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் விழாவையும், பிளவக்கல் அணையையும், மின்தடையையும், குடிதண்ணீர் லாரியையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினான். அறையில் ஒருத்தி சிரித்தாள், பிறகு நாலு பேர் சிரித்தார்கள். “இன்னைக்கு என்ன ஆச்சு இவருக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“நிறுத்துங்க!” வேலுத்தாய் தன்னை மறந்து டிவியைப் பார்த்துக் கத்தினாள். “நிறுத்துங்கங்கேன்ல!”

அவன் காதில் அது எப்படி விழும்? ஆனால் அவனுக்கும் நாற்பத்திரண்டு வயசாகிவிட்டது. பழைய மூச்சு இல்லை. குடிதண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வரும் என்ற இடத்தில், பாதி வாக்கியத்தில், மூச்சு தீர்ந்துபோனது. வேல்சாமி நின்றான். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். இழுத்ததும் உடம்புப் பழக்கத்தில், அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே போகிற ஆள் மாதிரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

வேலுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. எல்லாம் போச்சு.

சுந்தரம்மாள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவள் பயந்து பயந்து கண்ணைத் திறந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். அது மட்டுமில்லை, தலையை நிமிர்த்தி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவளையே பார்க்கிற மாதிரி இருந்தது.

“மூச்சு விட்டுட்டேன், மன்னிக்கணும்” என்றான். “இம்புட்டு நாளா நான் ஒழுங்கா வாசிச்சது என் சாமர்த்தியம் இல்லை. என் வீட்டுக்காரி வேலுத்தாய் தினமும் மேசைக்கு அடியில உட்கார்ந்து, எங்கெங்க நிறுத்தணும்னு காலைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தா. இன்னைக்கு அதுக்கு வழியில்லை. அவ எங்கயோ இருந்து பார்த்துக்கிட்டிருப்பா. மூணு வருசத்துல இன்னைக்குத்தான் மொதல் தடவையா பார்க்கா. அதனால கொஞ்சம் மெதுவா வாசிக்கேன்.”

பிறகு வாசித்தான். ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. அடுத்த வாக்கியம், இன்னொரு மூச்சு. குடிதண்ணீர் லாரி எந்தெந்தத் தெருவுக்கு வரும் என்பது ராஜபாளையத்துக்கு அன்றைக்குத்தான் தெளிவாக விளங்கியது. சுந்தரம்மாள் வீட்டில் பதினைந்து பேரும் டிவியை விட்டுவிட்டு வேலுத்தாயைப் பார்த்தார்கள். “ஏட்டி, நீயா மேசைக்கு அடியில இருந்த?” என்று சுந்தரம்மாள் மோவாயில் கைவைத்தாள். தெலுங்கு அம்மா, “அய்யோ தல்லி, தாயே” என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார்கள். வேலுத்தாய்க்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேல்சாமி வீடு திரும்பும்போது எட்டரை ஆகிவிட்டது. தெருவே வாசலில் நின்று கேலி செய்ததையெல்லாம் தாண்டி உள்ளே வந்தான். வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“வீரணன் என்னையே வாசிக்கச் சொல்லிட்டாரு. அவர் ஊர்ல இருந்து போன் மேல போனாம்” என்றான். பக்கத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தான். “ஊருக்கே சொல்லிட்டேன்னு கோவமா வேலு?”

“ஆமா, கோவம்தான்!” திரும்பிய அவள் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. “மூணு வருசம் என்னைக் காலுக்கடியில உட்கார வச்சுட்டியளே! மேல இம்புட்டு அழகா ஒரு மனுசன் உட்கார்ந்திருக்கான்னு ஊருல ஒரு நாயாவது எங்கிட்டச் சொல்லுச்சா?”